முதுநிலை செவிலியர் மாணவர்களின் கிளினிக்கல் போஸ்டிங்: வார்டில் கூடுதல் கையாகக் கரைந்துபோகாமல் கற்பது எப்படி

முதுநிலை செவிலியர் படிப்பில் கிளினிக்கல் போஸ்டிங், அதாவது மருத்துவமனையில் நோயாளிகளிடையே செய்யும் பயிற்சி, வீணாகிப்போவதற்கு முதல் காரணம், மாணவருக்கு வேலை நன்றாகத் தெரிந்திருப்பதுதான். டிரிப் போடுவார், காத்தீட்டர் போடுவார், பத்துப் பேருக்கு மருந்து கொடுத்து சார்ட்டில் எழுதியும் முடிப்பார். வார்டிலோ எப்போதும் ஆள் பற்றாக்குறை. இப்படி ஒருவர் வந்து நின்றால் பொறுப்பு சிஸ்டர் சும்மா விடுவாரா? முதல் நாள் "இந்த ரெண்டு பெட்டை மட்டும் பார்த்துக்கோங்க" என்பார். மூன்றாம் நாள் அது ஆறு பெட் ஆகிவிடும். மாதம் முடியும்போது பயிற்சிக்கு வேண்டிய மணிக்கணக்கு சரியாக இருக்கும், வார்டில் நல்ல பெயரும் கிடைத்திருக்கும். ஆனால் வந்த அன்று எடுக்கத் தெரிந்த முடிவுகளைவிட ஒன்றுகூடப் புதிதாக எடுக்கத் தெரிந்திருக்காது.

இளநிலையில் கேள்வி, "இதை எப்படிச் செய்வது?" முதுநிலையில் கேள்வி வேறு: "இப்போது செய்யலாமா? ஏன்? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? செய்த பிறகு எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?" போஸ்டிங்கின் ஒவ்வொரு ஏற்பாடும் இந்தக் கேள்விகளைச் சுற்றி இருந்தால்தான் அந்த மணி நேரங்களுக்கு மதிப்பு. பிரிசெப்டரை (வார்டில் உடனிருந்து கற்றுக்கொடுத்து மதிப்பிடுபவரை) தேர்ந்தெடுப்பது முதல் லாக் புக் (அன்றாடப் பயிற்சிப் பதிவேடு) எழுதுவது வரை கீழே வருவதெல்லாம் இதற்காகத்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். பாட்ரிசியா பென்னர் 1984இல் செவிலியரின் திறன் வளர்ச்சியைப் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். அதில் பலரும் மறந்துவிடும் பகுதி: ஒரு துறையில் நான்காம், ஐந்தாம் படியில் இருப்பவர் பழக்கமில்லாத வேறு துறைக்குப் போனால் மீண்டும் முதல் படியில் நிற்பார். எட்டு வருடம் ஐ.சி.யூ.வில் இருந்தவர் சமூக நலக் கிளினிக்கில் ஒரு சர்க்கரை நோயாளியிடம் கால் பராமரிப்பைப் பற்றிப் பேசத் திணறுவது இயல்பு. அதை வெட்கமாக நினைத்து மறைப்பவர்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தடுப்பூசியும் காகிதமும்

போஸ்டிங் தள்ளிப்போவது பெரும்பாலும் காகிதத்தால்தான், அதிலும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியால். வழக்கமான மூன்று டோஸ் முறையில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அது முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் எதிர்ப்புப் புரத அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும். அது ஒரு மி.லி.க்கு 10 mIU-க்குக் குறைவாக இருந்தால் மீண்டும் ஊசி, மீண்டும் சோதனை. ஆக எல்லாம் நல்லபடி நடந்தாலே ஏழெட்டு மாதம் ஓடிவிடும். போஸ்டிங் அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் கணக்கு உதைக்கும். சேர்க்கை உறுதியான அன்றே தொடங்குங்கள். பள்ளிக் காலத்தில் போட்டது என்று சொல்லி அட்டையைத் தொலைத்திருந்தால், வாதம் செய்வதை விட்டுவிட்டு ரத்தச் சோதனைக்குப் போவது நல்லது.

காசநோய்க்கான தோல் சோதனையில் வேறொரு சிக்கல். ஊசி போட்ட 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒருவர் அதை அளந்து பதிவு செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை காலை போட்டுக்கொண்டு திங்கட்கிழமை மாலை போனால் நேரம் கடந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசி போட வேண்டியிருந்தால் தோல் சோதனையை அதே நாளில் செய்துகொள்ளுங்கள். தவறினால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும், ஏனெனில் அந்தத் தடுப்பூசி சில வாரங்களுக்குத் தோல் சோதனையின் எதிர்வினையை மந்தமாக்கக்கூடும். இந்த ஒரு வரி தெரியாததால் ஒரு மாதத்தை இழப்பவர்கள் உண்டு.

உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ், என்95 மாஸ்க் பொருத்தச் சோதனை, பொறுப்புக் காப்பீடு, கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான ஒப்பந்தம் ஆகியவையும் தேவைப்படும். ஒப்பந்தம் மாணவரின் கையில் இல்லை. ஆனாலும் "கையெழுத்தாகிவிட்டதா, எந்தத் தேதி வரை செல்லும்" என்று கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு. போஸ்டிங்கின் நடுவில் ஒப்பந்தம் காலாவதியானால் அன்றே வெளியேறச் சொல்வார்கள்.

வேலை பார்க்கும் வார்டிலேயே போஸ்டிங் வேண்டாம்

வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு, தான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே போஸ்டிங் வாங்கிக்கொள்வது வசதிதான். மருத்துவமனை அதுவாகவே இருக்கட்டும், வார்டு மட்டும் அதுவாக இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சக ஊழியர்கள் உங்களை மாணவராகப் பார்க்க மாட்டார்கள். மானிட்டர் அலாரம் அடித்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். உங்கள் மேலதிகாரியே பிரிசெப்டராக இருந்தால் அவர் எழுதும் மதிப்பீடு படிப்பைப் பற்றியதா, வேலையைப் பற்றியதா என்று பிரிக்கவே முடியாது. சம்பளம் வாங்கும் ஷிப்டையும் போஸ்டிங் மணியையும் ஒரே நாளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கணக்குக் காட்டுவது இதைவிட மோசம். கண்டுபிடித்தால் மொத்த மணிக்கணக்கும் போய்விடும். இரண்டு வேலைக்கும் தனி அடையாள அட்டை, முடிந்தால் தனி நிறச் சீருடை இருக்கட்டும். மாணவர் அட்டை கழுத்தில் இருக்கும் நேரத்தில், கல்லூரி உங்களுக்கு அனுமதித்த எல்லைக்குள் மட்டுமே செயல்பட முடியும்.

பிரிசெப்டரோடு முதல் அரை மணி நேரம்

நல்ல பிரிசெப்டர் என்றால் துறையில் திறமையானவர் என்பது மட்டும் போதாது. தான் என்ன நினைக்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்பவராக இருக்க வேண்டும். கை வேகமாக ஓடும், ஆனால் வாய் திறக்காத நிபுணரிடம் மாணவருக்குக் கிடைப்பது வேடிக்கை பார்ப்பது மட்டுமே. அடுத்தது, அவருடைய டூட்டி அட்டவணையும் உங்களுடையதும் பொருந்த வேண்டும். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மட்டும் சேர்ந்து வந்தால் அவரால் உங்களை மதிப்பிடவே முடியாது. விடுப்பில் போகும்போது யார் பொறுப்பு என்று இரண்டாவது பெயரை முதல் நாளே எழுதி வாங்குங்கள். பிரிசெப்டர் வராத நாளில்தான் மாணவரை எண்ணிக்கைக்கு ஆளாகப் போட்டுவிடுவார்கள்.

முதல் நாள் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். மாணவர் தானாகவே செய்யலாம், பிரிசெப்டர் பக்கத்தில் இருந்தால் செய்யலாம், பார்க்க மட்டும் செய்யலாம். இளநிலையில் நூறு முறை செய்தது என்றாலும் இந்த வார்டின் முறை வேறாக இருக்கலாம். மத்திய சிரை லைனில் (பெரிய சிரையில் போட்ட குழாயில்) டிரெஸ்ஸிங் மாற்றுவது, முதுகுத்தண்டு வழியாக வலி மருந்து செலுத்தும் எபிடூரல் பம்பைத் தொடுவது, ரத்தம் ஏற்றத் தொடங்குவது போன்றவற்றை அனுமானத்தில் விடக் கூடாது. தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைப் பொறுப்பு சிஸ்டரிடம் கொடுங்கள். மூன்றாம் நாள் "ஆறு பெட் பார்த்துக்கோங்க" என்று வரும்போது மறுத்துப் பேசத் தேவையில்லை, தாளைக் காட்டினால் போதும். அந்தத் தாள் ஒவ்வொரு வாரமும் மாற வேண்டும். நான்காவது வாரத்திலும் முதல் வாரத்துத் தாளே இருந்தால் பயிற்சி நகரவில்லை.

வார இலக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். "நோயாளி மதிப்பீட்டைக் கற்பது" என்று எழுதினால் அதை யாராலும் அளக்க முடியாது. "மூச்சுத் திணறலோடு வரும் மூன்று பேரை நானே முதலில் பரிசோதித்து, சாத்தியமான காரணங்களை வரிசைப்படுத்தி, பிரிசெப்டர் பார்ப்பதற்கு முன் எழுதி வைப்பது" என்றால் வெள்ளிக்கிழமை மாலை நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஒரு நோயாளி, ஒரு காலை

எண்களைக் குறிப்பதற்கும் எண்களிலிருந்து முடிவெடுப்பதற்கும் உள்ள தூரத்தை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். 58 வயது, 60 கிலோ எடை, பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி இணைத்த அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். காலை ஆறு மணி சார்ட்டில் நாடித்துடிப்பு 94, ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 118, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 95 சதவீதம், உடல் வெப்பம் 37.4 டிகிரி செல்சியஸ், மூச்சு 18. பத்து மணிக்கு மாணவர் பார்க்கும்போது நாடி 112, மேல் அளவு 104, சாச்சுரேஷன் அதே 95, காய்ச்சல் 38.2. ஆள் தெளிவாகப் பேசுகிறார். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. ஆபரேஷன் ஆனவருக்கு லேசான காய்ச்சல் வரும், வலியால் நாடி ஏறும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது.

மூச்சு எத்தனை? பல வார்டுகளில் எல்லா நோயாளியும் நிமிடத்துக்கு 18 அல்லது 20 முறைதான் மூச்சு விடுகிறார்கள், சார்ட்டைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். எண்ணாமல் எழுதுவதுதான் காரணம். உட்கார்ந்து முழு நிமிடம் எண்ணினால் 22 வருகிறது. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பைப் பாருங்கள். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார்.

லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய நியூஸ் என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறையில் இதைப் போட்டுப் பாருங்கள். மூச்சு 22க்கு 2, சாச்சுரேஷன் 95க்கு 1, மேல் அளவு 104க்கு 1, நாடி 112க்கு 2, காய்ச்சல் 38.2க்கு 1, ஆக்சிஜன் வைக்கவில்லை, நினைவு தெளிவு, இவற்றுக்குப் பூஜ்யம். மொத்தம் 7. அந்த முறையில் 5 வந்தால் அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசர மீட்புக் குழுவையே அழைக்க வேண்டும். காலையில் அவருக்கு இருந்தது 2. மூச்சை எண்ணாமல் 18 என்று எழுதியிருந்தால் பத்து மணிக்கும் 5 என்றுதான் வந்திருக்கும்.

இளநிலை மாணவர் இங்கே நிறுத்தித் தகவல் சொன்னால் போதும். முதுநிலை மாணவர் அடுத்த படிக்குப் போக வேண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாரா, காலையைவிட இறுக்கமா? வயிற்றிலிருந்து திரவத்தை வெளியேற்றும் டிரெயின் குழாயில் வரும் திரவத்தின் நிறமும் அளவும் மாறியதா? நான்கு மணி நேரத்தில் சிறுநீர் எவ்வளவு? 60 கிலோ ஆளுக்கு மணிக்கு கிலோவுக்கு அரை மி.லி. என்று வைத்தால் 120 மி.லி. வந்திருக்க வேண்டும். 70தான் வந்திருக்கிறது. குடல் இணைப்புக் கசிவு, அதனால் செப்சிஸ் (தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் நிலை) என்ற சந்தேகம் இப்போது முன்னே வருகிறது. நுரையீரல் தொற்று, நுரையீரல் ரத்தக்கட்டு, ரத்தக்கசிவு ஆகிய மூன்றும் பட்டியலில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எதிராக என்ன சான்று இருக்கிறது என்பதோடு.

போனில் சொல்வது எப்படி

இதே தகவலைச் சரியாகச் சொல்லத் தெரியாததால் மருத்துவர் "சரி, வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருவதும் நடக்கிறது. எஸ்பார் என்ற முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்தது. இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று நான்கு பகுதி. மாணவர்கள் முதல் இரண்டையும் நீட்டி முழக்கி, கடைசி இரண்டையும் முழுங்கிவிடுகிறார்கள். கணிப்பைச் சொன்னால் தப்பாகிவிடுமோ என்ற பயம். ஆனால் எதிரே இருப்பவரை எழுந்து வர வைப்பது அந்தக் கடைசி இரண்டும்தான்.

"டாக்டர், சர்ஜரி வார்டிலிருந்து பேசறேன், பி.ஜி. நர்ஸிங் ஸ்டூடண்ட், என் பிரிசெப்டர் பக்கத்துல இருக்காங்க. பன்னிரண்டாம் பெட் பேஷண்ட்டுக்கு நியூஸ் ஸ்கோர் ஏழு, காலையில ரெண்டுதான் இருந்தது. குடல் ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள். மூச்சு 22, பல்ஸ் 112, பி.பி. மேல 104, சாச்சுரேஷன் ரூம் ஏர்ல 95, டெம்பரேச்சர் 38.2. வயிறு காலையைவிட இறுக்கமா இருக்கு, நாலு மணி நேரத்துல யூரின் 70 மி.லி.தான். இணைப்புல கசிவு, செப்சிஸ்னு சந்தேகப்படறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும். அதுவரைக்கும் வாய்வழியா எதுவும் கொடுக்காம நிறுத்தி வைக்கலாமா? லாக்டேட்டும் ப்ளட் கல்ச்சரும் எடுத்துடட்டுமா?"

இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. போனை எடுப்பதற்கு முன் கேஸ் ஷீட், கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, ஒவ்வாமை விவரம், ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகள் கையில் இருக்கட்டும். மருத்துவர் கொடுக்கும் வாய்மொழி உத்தரவை எழுதி, திரும்ப வாசித்து, "சரியா டாக்டர்?" என்று உறுதி வாங்குங்கள். மாணவர் வாய்மொழி உத்தரவை ஏற்கலாமா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். பெரும்பாலும் கூடாது, அதனால் அந்தக் கட்டத்தில் போனைப் பிரிசெப்டரிடம் கொடுப்பதே சரி.

பம்ப் கணக்கு

ஐ.சி.யூ. போஸ்டிங்கில் கணக்குப் பிழைதான் அதிகம் பயமுறுத்தும், பயப்படவும் வேண்டும். ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலின் 4 மி.கி., 50 மி.லி. சிரிஞ்சில். அதாவது ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். உத்தரவு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம். ஆள் 60 கிலோ. நிமிடத்துக்கு 6 மைக்ரோகிராம், மணிக்கு 360, அதை 80ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மி.லி. நிமிடத்தை மணியாக்க 60ஆல் பெருக்க மறந்தால் 0.075 என்று வரும், பம்பில் போடவே முடியாத எண், அதனால் பிடிபட்டுவிடும். பிடிபடாத பிழை வேறு. சிரிஞ்ச் தீர்ந்ததும் இன்னொருவர் 8 மி.கி. போட்டு இரட்டிப்புச் செறிவில் தயாரித்து வைத்திருப்பார். பம்ப் வேகம் அதே 4.5இல் ஓடும். நோயாளிக்கு இரு மடங்கு மருந்து போகும். சிரிஞ்ச் மாற்றும் ஒவ்வொரு முறையும் லேபிளில் உள்ள செறிவை உரக்கப் படித்து, பம்பின் திரையில் உள்ள செறிவோடு இருவர் ஒப்பிட வேண்டும். இரண்டாமவர் முதலாமவரின் விடையைப் பார்க்காமல் தானே கணக்குப் போட வேண்டும். "4.5 தானே?" என்று கேட்டுத் தலையாட்ட வைப்பது சரிபார்ப்பு ஆகாது.

புதிய சிரிஞ்சைத் தயாராக வைத்துக்கொண்டுதான் பழையதைக் கழற்ற வேண்டும். இந்த மருந்து உடலில் சில நிமிடங்களே நிற்கும். லைனில் இடைவெளி விழுந்தால் ரத்த அழுத்தம் கண்ணெதிரே சரியும். இன்சுலின், ஹெப்பாரின், செறிவான பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றுக்கும் இதே இருவர் சரிபார்ப்பு. பொட்டாசியத்தை நீர்க்காமல் நேரடியாக நரம்பில் செலுத்துவது எந்தச் சூழ்நிலையிலும் கிடையாது. இதயம் நின்றுவிடும்.

பிரிசெப்டர்கள் கவனத்துக்கு

மாணவர் நோயாளியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் பிரிசெப்டர் உடனே விளக்கம் கொடுக்கத் தொடங்குவது நல்லெண்ணத்தால்தான். ஆனால் அதோடு மாணவரின் சிந்தனை நின்றுவிடும். 1992இல் குடும்ப மருத்துவப் பயிற்சிக்காக வகுக்கப்பட்ட 'ஒரு நிமிட பிரிசெப்டர்' முறை செவிலியர் பயிற்சிக்கும் அப்படியே பொருந்தும். முதலில், "என்ன நடக்குதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு மாணவரை ஒரு முடிவு சொல்ல வையுங்கள். பதிலுக்காகப் பத்து விநாடி பொறுத்திருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பலர் தாமே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு, "எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?" அதன் பிறகு ஒரே ஒரு பொது விதி, சரியாகச் செய்தது எது, திருத்த வேண்டியது எது. "நல்லா பண்ணினீங்க" என்பதில் மாணவர் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. "மூச்சை முழு நிமிஷம் எண்ணினீங்க, அதனாலதான் ஸ்கோர் ஏழுன்னு தெரிஞ்சது" என்று சொன்னால் அதை அவர் ஆயுசுக்கும் விடமாட்டார்.

வெளிநோயாளர் பிரிவில் மாணவரே கேஸைச் சொல்லும் முறையையும் மாற்றலாம். சுருக்கமாக வரலாறு, இரண்டு மூன்று சாத்தியங்கள், அவற்றை ஒப்பிட்டு ஆதரவும் எதிர்ப்பும், தனக்குப் புரியாததைப் பிரிசெப்டரிடம் கேள்வியாகக் கேட்பது, சிகிச்சைத் திட்டம், கடைசியாக அன்றிரவு படிக்க ஒரு தலைப்பு. 2003இல் வந்த ஸ்னாப்ஸ் முறை இதுதான். பழகிவிட்டால் ஐந்தாறு நிமிடத்தில் முடியும். வரலாற்றிலேயே பாதி நேரத்தைத் தொலைக்காமல் இருப்பதுதான் கடினம். ஆரம்ப நாட்களில் அரை நாளைக்கு இரண்டு பேரை மட்டும் மாணவரிடம் கொடுங்கள். பின்னால் கூட்டிக்கொள்ளலாம்.

ஊசி குத்திவிட்டால்

உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்கக் கூடாது, பிளீச் போன்ற எரிக்கும் திரவம் எதையும் ஊற்றக் கூடாது. பிரிசெப்டரிடம் சொல்லி, அந்த மணி நேரத்திலேயே அவசரப் பிரிவுக்கோ ஊழியர் நலப் பிரிவுக்கோ போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது, 72 மணி நேரத்தைக் கடந்தால் பொதுவாகத் தொடங்குவதில்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம். மேலே அந்த மூன்று டோஸைப் பற்றி அவ்வளவு அழுத்தியது இதனால்தான்.

மாணவர்கள் இதை மறைப்பதற்குக் காரணம் மதிப்பெண் பயம். சம்பவப் படிவம் எழுதினால் மதிப்பீட்டில் இடிக்கும் என்று நினைக்கிறார்கள். கல்லூரி ஆசிரியர் முதல் வகுப்பிலேயே "ஊசி குத்தியதைச் சொன்னால் மதிப்பெண் குறையாது" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சிகிச்சைச் செலவை யார் ஏற்பது என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், இரவு இரண்டு மணிக்கு அதைப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

லாக் புக்

மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய லாக் புக்கைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். எல்லா நாளும் ஒரே பேனா, எல்லா நாளும் சரியாக எட்டு மணி நேரம், எல்லாக் கையெழுத்தும் ஒரே சாய்வு. அன்றன்று வீடு திரும்பும் முன் எழுதுங்கள். நேரடி நோயாளி கவனிப்பு, பார்வையிட்டது, கலந்துரையாடல், சிமுலேஷன் (பொம்மை நோயாளியை வைத்தோ நடிப்பு மூலமோ செய்யும் பயிற்சி) ஆகியவற்றைத் தனித்தனிப் பத்தியில் காட்டுங்கள். பல ஒழுங்குமுறை அமைப்புகள் நேரடிக் கவனிப்பை மட்டும் தனியாக எண்ணுகின்றன. அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயறிந்து சிகிச்சையும் தரும் உயர்நிலைச் செவிலியர்) படிப்புகளுக்கான 2022 நெறிகள் குறைந்தது 750 மணி நேர நேரடிக் கவனிப்பைக் கேட்கின்றன, அதற்கு முன் அது 500. எட்டு மணி நேர ஷிப்டில் உணவு இடைவேளை, ஹேண்ட் ஓவர், கருத்தரங்கு கழித்தால் நேரடி நேரம் ஐந்தாறு மணிதான் தேறும். ஷிப்டுகளை எண்ணித் திட்டமிட்டவர்கள் கடைசி வாரத்தில் திண்டாடுவது இங்கேதான்.

சிமுலேஷன் பற்றி ஒரு தெளிவு. அமெரிக்காவின் செவிலியர் வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வில், தரமான சிமுலேஷன் கிளினிக்கல் நேரத்தின் பாதி வரை ஈடுசெய்தாலும் மாணவர்களின் திறனில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அது பதிவுக்கு முந்தைய அடிப்படைப் படிப்பு மாணவர்களிடம் நடந்த ஆய்வு. அதை எடுத்து முதுநிலைக்குப் பொருத்தி மணி நேரத்தைக் குறைப்பது நியாயமில்லை.

ஒவ்வொரு நாளும் ஒரு நோயாளிக்காவது முடிவெடுத்த விதத்தை நான்கைந்து வரியில் எழுதுங்கள்: என்ன பார்த்தேன், என்ன நினைத்தேன், என்ன பரிந்துரைத்தேன், பிரிசெப்டர் எங்கே மாறுபட்டார். நோயாளியின் பெயர், மருத்துவமனை எண், பிறந்த தேதி எதுவும் வேண்டாம். கேஸ் ஷீட்டை மொபைலில் படம் எடுப்பது, நோயாளியின் பெயரை மறைத்துவிட்டு எடுத்தாலும், பல மருத்துவமனைகளில் போஸ்டிங்கை அன்றே ரத்து செய்யும் குற்றம்.

இடைக்கால மதிப்பீடு

பாதி வழியில் முறையான மதிப்பீடு இல்லாத போஸ்டிங்கில், கடைசி நாள் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் நல்ல மதிப்பெண்தான் இருக்கும். தேறாத மாணவரையும் மேற்பார்வையாளர்கள் ஏன் தேற்றிவிடுகிறார்கள் என்பதை ஆராய்ந்த அறிக்கை ஒன்று 2003இல் ஸ்காட்லாந்தில் வந்தது. கவலையைக் காலம் கடந்து சொல்வது அதில் கண்ட காரணங்களில் ஒன்று. கடைசி வாரத்தில் சொன்னால் திருத்திக்கொள்ள நேரமில்லை என்று மாணவர் முறையிடுவார், அதில் நியாயமும் உண்டு. அதனால் சந்தேகம் எழுந்த வாரமே எழுத்தில் வையுங்கள்: எந்தச் செயல், எந்தத் தேதி, என்ன எதிர்பார்க்கிறோம், எப்போது மறுபடி பார்ப்போம். கல்லூரி ஆசிரியர் வருகை தருவதும் "எப்படிப் போகுது?" என்று வராந்தாவில் கேட்டுவிட்டுப் போவதாக இருக்கக் கூடாது. ஒரு நோயாளியிடம் மாணவர் பேசிப் பரிசோதிப்பதைப் பதினைந்து இருபது நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்து, உடனே ஐந்து நிமிடம் பேசினால் ஒரு பக்கப் படிவத்தைவிட அதிகம் தெரியும்.

மாணவர் தரப்பிலும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். "எனக்கு ஏதாவது திருத்தம் இருக்கா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லை, நல்லா பண்றீங்க" என்ற பதில்தான் வரும். "இன்னைக்கு அந்தப் பேஷண்ட்கிட்ட நான் விட்டது என்ன?" என்று கேளுங்கள், யோசித்துப் பதில் சொல்வார்கள்.

கடைசி வாரம் செய்ய வேண்டியவை அதிகமில்லை. பாக்கிக் கையெழுத்துகளைக் கடைசி நாளுக்கு விடாமல், பிரிசெப்டரின் டூட்டியைப் பார்த்து இரண்டு நாள் முன்பே வாங்கிவிடுங்கள். அவருடைய பதிவு எண்ணும் பதவியும் படிவத்தில் தெளிவாக இருக்கட்டும். அடையாள அட்டையையும் மின்பதிவுக் கணக்கையும் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். நீங்கள் பின்தொடர்ந்து பார்த்துவந்த நோயாளிகளிடம், நாளை முதல் யார் வருவார்கள் என்று சொல்லி அறிமுகப்படுத்திவிட்டுச் செல்லுங்கள், குறிப்பாக நாள்பட்ட நோய்க் கிளினிக்கில் உங்களை நம்பி மருந்தை மாற்றிக்கொண்டவர்களிடம். லாக் புக், மதிப்பீட்டுப் படிவம், பாடத்திட்ட விவரம் மூன்றின் பிரதியும் உங்களிடம் நிரந்தரமாக இருக்க வேண்டும். வேறு மாநிலத்திலோ நாட்டிலோ பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது எத்தனை மணி நேரம், எந்தத் துறையில், யார் மேற்பார்வையில் என்று கேட்பார்கள். அப்போது கல்லூரி அலுவலகத்தில் பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லி அலைவதற்குப் பதில், உங்கள் கோப்பிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடலாம்.